ஊசிக்கும் காது உண்டு

இசைத்தட்டு கேட்பதற்காக வீட்டில் ஸ்டீரியோ அமைக்கப் போகிறேன் என்று யாரிடம் சொன்னாலும் வரும் முதல் கேள்வி, "எத்தனை வாட்ஸ்?" கேட்பவரைக் குறை சொல்ல முடியாது. பைக்குக்கு சிசி, போனுக்கு மெகாபிக்சல், லேப்டாப்புக்கு ரேம் என்று எதையும் ஒற்றை எண்ணில் எடைபோட்டுப் பழகியவர்கள் நாம். ஆம்ப்ளிஃபையருக்கு அந்த எண் வாட்ஸ். கூடுதலாக இருந்தால் நல்லதுதானே? மோட்டார் பெரிதென்றால் தண்ணி வேகமாக ஏறும், அவ்வளவுதான் மேட்டர்.

இசைத்தட்டு விஷயத்தில் இந்த எண்ணுக்கு இருக்கும் மதிப்பு ரொம்பவே ஊதிப் பெருக்கப்பட்டது என்பது என் கட்சி. அதைச் சொல்ல எனக்கு 1978ஆம் வருடம் தோதானது. அந்த ஒரே வருடத்தில் இரண்டு பெட்டிகள் சந்தைக்கு வந்தன. ஒன்று ஜப்பானின் பயனியர் எஸ்எக்ஸ்-1980 ரிசீவர். ஒரு சேனலுக்கு 270 வாட்ஸ், எடை ஏறக்குறைய 35 கிலோ, மரப் பெட்டி, முகப்பு முழுக்க வெளிச்சத்தில் மினுங்கும் முள்மானிகள். இன்னொன்று என்ஏடி 3020. ஒரு சேனலுக்கு 20 வாட்ஸ். அரசு அலுவலக அலமாரியை ஞாபகப்படுத்தும் மங்கிய நிறத்தில் ஒரு தட்டையான பெட்டி. எரிக் எட்வர்ட்சன் என்ற நார்வேக்காரர் வடிவமைத்தது. முதலாவது இன்று சேகரிப்பாளர்கள் பூஜையறையில் வைக்காத குறையாகக் கொண்டாடும் பொருள். இரண்டாவது, விற்பனையில் ஹைஃபை வரலாற்றின் பெரிய வெற்றிகளில் ஒன்று. மாணவர்களும் வேலையில் புதிதாகச் சேர்ந்தவர்களும் வாங்கியது.

270 எப்படி வந்தது என்பது சுவாரசியமான கதை. அறுபதுகளின் அமெரிக்காவில் ஆம்ப் விற்பவர்கள் வாய்க்கு வந்த வாட்ஸை அச்சடித்தார்கள். 'மியூசிக் பவர்', 'பீக் பவர்' என்று ஆளுக்கொரு அளவு. நமக்கு இது புதிதில்லை. தொண்ணூறுகளில் உள்ளங்கை அகல ஸ்பீக்கர் வைத்த டேப் ரெக்கார்டர்களின் நெற்றியில் பிஎம்பிஓ என்று ஆயிரக்கணக்கில் எண் ஒட்டியிருந்ததைப் பார்த்தவர்கள் நாம். அங்கே 1974ல் வர்த்தக ஆணையம் ஒரு விதி போட்டது: இரண்டு சேனலும் ஒரே நேரத்தில் ஓட, எந்த அலைவரிசை எல்லைக்குள், எவ்வளவு திரிபுடன், தொடர்ச்சியாக எத்தனை வாட்ஸ் வரும் என்று சொல்ல வேண்டும். நல்ல விதி. ஆனால் ஒரு வேடிக்கை நடந்தது. எண் பொய்யாக இருந்தவரை அதை ஒப்பிட்டுப் பிரயோஜனமில்லை. எண் நேர்மையானதும் பந்தயம் ஆரம்பித்துவிட்டது. பயனியரின் உச்ச மாடல் 1974ல் 100 வாட்ஸ், 1976ல் 160, 1978ல் 270. மற்ற ஜப்பானியக் கம்பெனிகள் 300ஐயும் தாண்டின. சாஃப்ட்வேரில் பெஞ்ச்மார்க் பார்த்தவர்களுக்கு இது தெரிந்த நோய். அளக்க முடிந்ததை எல்லோரும் கூட்டிக்கொண்டே போவார்கள். அளக்க முடியாதது அப்படியே கிடக்கும்.

சரி, 20க்கும் 270க்கும் காதில் என்ன வித்தியாசம்? பதின்மூன்றரை மடங்கு சத்தம் என்றுதான் மனசு கணக்குப் போடும். ஆனால் காது மடக்கையில் கேட்கிறது. பதின்மூன்றரை மடங்கு மின்சக்தி என்பது 11 டெசிபலுக்குச் சற்று மேல். 10 டெசிபல் கூடினால் மனிதக் காதுக்குச் சத்தம் சுமார் இரண்டு மடங்கானதுபோலத் தோன்றும். ஆக 35 கிலோ தூக்கிக்கொண்டு வந்து வைத்ததற்குக் கிடைப்பது இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் மேல். 50 வாட்ஸ் ஆம்பை விற்றுவிட்டு 100 வாட்ஸ் வாங்கினால் 3 டெசிபல். வால்யூம் குமிழை ஒரு கோடு திருப்புவது மாதிரி.

சென்னை அபார்ட்மென்ட் ஹால் ஒன்றில் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஷெல்ஃபில் வைக்கும் சாதாரண ஸ்பீக்கர், ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தொலைவில் 86 டெசிபல். சோபா இரண்டரை மீட்டரில். தூரத்தால் கொஞ்சம் குறையும், இரண்டு ஸ்பீக்கர் என்பதால் கொஞ்சம் கூடும். உட்காரும் இடத்தில் 83 என்று வைத்துக்கொள்ளலாம். அதாவது ஆளுக்கு ஒரே ஒரு வாட்டில் 83. மேல்வீட்டு மாமி இறங்கி வருவதற்கு அதுவே போதும். இரவு ஒன்பது மணிக்கு நிதானமாகக் கேட்பது 75 டெசிபல் சராசரி என்றால் அதற்குத் தேவை ஒரு வாட்டில் ஆறில் ஒரு பங்கு. ஆனால் இசை சராசரியில் நிற்பதில்லை. மிருதங்கத்தின் ஒரு 'தொம்', டிரம்ஸின் ஒரு அடி சராசரியிலிருந்து 15, 18 டெசிபல் துள்ளும். 75 சராசரிக்கு 18 துள்ளினால் 93. அதற்கு 10 வாட்ஸ். சராசரியே 83 வைத்துக் கேட்கும் வீரர் என்றால் அதே துள்ளலுக்கு 60 வாட்ஸ் சொச்சம்.

பவர் வேண்டும் என்பவர்கள் முழுக்கத் தப்பில்லை என்று ஒத்துக்கொள்ள வேண்டிய இடம் இதுதான். பெரிய ஹால், திறன் குறைந்த ஸ்பீக்கர், சத்தமாகக் கேட்கும் பழக்கம் மூன்றும் சேர்ந்தால் 100 வாட்ஸ் ஆடம்பரம் கிடையாது. சின்ன ஆம்பை அதன் எல்லைக்கு மேல் விரட்டினால் அலையின் தலை தட்டையாக வெட்டுப்படும். காதுக்கு அது எரிச்சல், ட்வீட்டருக்கு ஆபத்து. 'எட்டு ஓமில் இத்தனை வாட்ஸ்' என்ற ஒற்றை வரி மறைக்கும் இன்னொரு விஷயமும் உண்டு. நிஜ ஸ்பீக்கர் சில சுருதிகளில் மூன்று ஓமுக்கு இறங்கும். அப்போது ஆம்ப் கரண்ட்டைத் தள்ள வேண்டும். எட்வர்ட்சன் கெட்டிக்காரர் என்பது இங்கே தெரியும். தொடர்ச்சியாக 20 வாட்ஸ்தான், ஆனால் கணநேரத் துள்ளலுக்கு அதன் இரண்டு மடங்கு வரை போகும். ஓம் இறங்கினாலும் மூச்சு வாங்காது. எல்லையைத் தொட்டால் சட்டென்று வெட்டாமல் மழுங்க வெட்டும் ஒரு சுவிட்ச் வேறு. தாளில் இருபது, வீட்டில் இருபதுக்கு ரொம்ப மேல். பயனியர் தாளில் 270. வீட்டில்? பெரும்பாலான சாயங்காலங்களில் ஒன்றரை.

ஏன் இத்தனை வாட்ஸ் தேவைப்பட ஆரம்பித்தது என்று யாரும் கேட்பதில்லை. நம்மூர் கல்யாண வீட்டுக் கூம்பு ஸ்பீக்கரை நினைத்துக்கொள்ளுங்கள். தென்னை மரத்தில் இரண்டு குழாய், கீழே மேஜையில் ஒரு அஹுஜா ஆம்ப், முப்பது நாற்பது வாட்ஸ் இருந்தால் அதிகம். விடிகாலையில் பக்கத்து ஊர் வரை கேட்கும். கூம்பு ஒரு வாட்டுக்கு 105 டெசிபலுக்குக் குறையாமல் கொடுக்கும் வடிவம். நம் 86 டெசிபல் ஷெல்ஃப் ஸ்பீக்கர் 100 வாட்ஸ் குடித்துச் செய்வதைக் கூம்பு ஒரே வாட்டில் செய்துவிடும். அடிநாதம் கிடையாது, தொண்டை மட்டும்தான், அது வேறு விஷயம். வீட்டுக்குள் அடிநாதமும் வேண்டும், பெட்டியும் சின்னதாக வேண்டும் என்றபோது 1954ல் அமெரிக்காவில் எட்கர் வில்சுர் காற்றுப்புகாத சின்னப் பெட்டிக்குள் ஆழமான பாஸைக் கொண்டுவந்தார். ஏஆர்-1 என்று பெயர். பெட்டியின் அளவைக் குறைத்ததற்கு விலையாக அவர் கொடுத்தது திறனை. அந்த விலையைத்தான் அப்புறம் வந்த ஆம்ப்கள் எல்லாம் வாட்ஸாகக் கட்டிக்கொண்டிருக்கின்றன. ஆக, வாட்ஸ் என்பது உங்கள் ஸ்பீக்கரும் அறையும் எழுதும் பில். ஆம்பைத் தனியாகப் பார்த்து முடிவு செய்யக்கூடிய எண் கிடையாது.

இதுவரை சொன்னது சிடிக்கும் ஸ்ட்ரீமிங்குக்கும் பொருந்தும். இசைத்தட்டுக்கு மட்டும் வேறொரு சங்கதி இருக்கிறது. பவர் பேசும் விமர்சனங்கள் இதை ஓரிரு வரியில் தாண்டிப் போவதுதான் எனக்குப் புரியாத புதிர்.

தட்டின் பள்ளத்தில் ஊசி ஓடும்போது கார்ட்ரிட்ஜிலிருந்து வருவது சுமார் 5 மில்லிவோல்ட். மூவிங் காயில் வகை என்றால் அரை மில்லிவோல்ட் கூட இருக்காது. இதை முதலில் ஃபோனோ ஸ்டேஜ் நூறு மடங்கோ ஆயிரம் மடங்கோ பெருக்கித் தர வேண்டும். அதற்குப் பிறகுதான் பவர் ஆம்பின் வேலை. பெருக்குவது மட்டுமில்லை. தட்டை வெட்டும்போதே அடிச்சுருதிகளை அமுக்கி, உச்சத்தைத் தூக்கித்தான் வெட்டுவார்கள். அடிச்சுருதியை அப்படியே வெட்டினால் பள்ளம் அகலமாக ஆடும், ஒரு பக்கத்தில் இருபது நிமிடம் அடங்காது. ஐம்பதுகளின் நடுவில் நிலைத்த ஆர்ஐஏஏ வளைவு இதுதான். கேட்கும்போது ஃபோனோ ஸ்டேஜ் அதைத் திருப்பிப் போட வேண்டும்: நடுச்சுருதியோடு ஒப்பிட்டால் 20 ஹெர்ட்ஸில் சுமார் பத்து மடங்கு ஏற்றம், 20,000 ஹெர்ட்ஸில் பத்து மடங்கு இறக்கம். அதாவது அடியில் இருப்பது எதுவானாலும் உச்சியில் இருப்பதைவிட நூறு மடங்கு அதிகம் பெருக்கப்படும்.

'எதுவானாலும்' என்பதில்தான் வினை. தட்டின் அடியில் இசை மட்டும் இல்லை. நிமிடத்துக்கு முப்பத்து மூன்றேகால் சொச்சம் சுற்று. வெயிலில் வளைந்த தட்டு ஒவ்வொரு சுற்றிலும் ஊசியை ஏற்றி இறக்கும். வளைவுகளைப் பொறுத்து அரை ஹெர்ட்ஸிலிருந்து ஏழெட்டு ஹெர்ட்ஸ் வரை ஒரு ஊஞ்சல். டர்ன்டேபிள் கையும் கார்ட்ரிட்ஜும் சேர்ந்து 10 ஹெர்ட்ஸ் பக்கத்தில் தாமாகவே அதிரும் இயல்புடையவை. இதெல்லாம் காதுக்குக் கேட்காது. ஆம்புக்குக் கேட்கும். அது உழைப்பாளி, கொடுத்ததைப் பெருக்கும். நல்ல வளைந்த தட்டைப் போட்டு வால்யூமை ஏற்றிவிட்டு ஸ்பீக்கரின் துணியைக் கழற்றிப் பாருங்கள். பாட்டில் பாஸே இல்லாத இடத்திலும் வூஃபர் முன்னும் பின்னும் மெதுவாக மூச்சு விட்டுக்கொண்டிருக்கும். பின்னால் ஓட்டை வைத்த பெட்டி என்றால் இன்னும் மோசம். அந்த ஆழத்தில் கூம்பைப் பிடித்து நிறுத்தக் காற்றுகூடக் கிடையாது. அதே வூஃபர்தான் ஜானகியின் குரலையும் ஏந்திக்கொண்டிருக்கிறது. ஊஞ்சலில் உட்கார்ந்து பாடுகிற மாதிரி. 200 வாட்ஸ் ஆம்ப் என்றால் இந்த ஊஞ்சலை இன்னும் பலமாக ஆட்டும் சக்தி உள்ளது என்று அர்த்தம்.

என்ஏடி 3020ன் பின்பக்கம் பவர் ஆம்பின் நுழைவாயில் இரண்டு இருக்கும்: 'லேப்', 'நார்மல்'. நார்மலில் இணைத்தால் காதுக்கு எட்டாத அடியும் உச்சியும் வடிகட்டப்பட்டுவிடும். லேபில் இணைத்தால் எல்லாம் உள்ளே போகும். அளவுகோலில் அழகாகத் தெரியும். ஆய்வகத்துக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று என்று பெயரே வைத்துவிட்டார்கள். அந்தப் பெட்டியில் எனக்கு மிகப் பிடித்த இடம் அதுதான். வீட்டில் கேட்கப் போவது தட்டு, அதுவும் கோணிய தட்டு என்று யோசித்த ஒருவர் செய்த காரியம்.

இரண்டாவது சங்கதி இன்னும் நுட்பமானது. திருவிழா மேடையில் மைக்கை ஸ்பீக்கர் பக்கம் திருப்பினால் 'கூ...' என்று ஊளையிடுவதைக் கேட்காத தமிழர் இருக்க முடியாது. ஸ்பீக்கரின் சத்தம் மைக்குக்குள் போய், பெருகி, மறுபடி ஸ்பீக்கருக்கு வந்து, சுற்றிச் சுற்றி வளர்வது. டர்ன்டேபிள் ஊசியும் ஒரு மைக்தான். நுண்ணிய அதிர்வை மின்சாரமாக்குவது அதன் தொழில். அந்த அதிர்வு பள்ளத்திலிருந்து வந்ததா, தரையிலிருந்து வந்ததா என்று அதற்குத் தெரியாது. ஸ்பீக்கர் அதிர, தரையும் மேஜையும் அதிர, தட்டு அதிர, ஊசி அதைத் திரும்பப் படிக்கிறது. ஸ்ட்ரீமிங்குக்கு ஸ்பீக்கர் என்ன சொல்கிறது என்பதைப் பற்றிக் கவலை கிடையாது. வீட்டில் இருக்கும் ஒலி மூலங்களில் ஸ்பீக்கர் பேசுவதைக் காதுகொடுத்துக் கேட்பது இது ஒன்றுதான். சத்தம் ஓர் எல்லையைத் தாண்டினால் ஊளை. எல்லைக்குக் கீழே இருக்கும்போதும் சும்மா இருப்பதில்லை. பாஸ் கொழகொழவென்று வழியும், ஒவ்வொரு அடிக்கும் ஒரு வால் முளைக்கும். இந்த எல்லை பல வீடுகளில் ஆம்பின் வாட்ஸ் தீர்வதற்கு ரொம்ப முன்னாலேயே வந்துவிடும். அதைத் தள்ளிவைப்பது செங்கல் சுவரில் அறைந்த ஒரு ஷெல்ஃப். விலை, கார்பென்டரின் அரை நாள் கூலி.

வாட்ஸ் செலவாக வேண்டிய இடத்தில் ஏற்கெனவே செலவாகிவிட்டது என்றும் சொல்லலாம். மாஸ்டர் தட்டை வெட்டும் இயந்திரத்தின் ஊசிக்குப் பின்னால் நூற்றுக்கணக்கான வாட்ஸ் ஆம்ப்கள் நின்றன. அதன் காயில் சூட்டில் உருகிவிடாமலிருக்க ஹீலியம் செலுத்திக் குளிர்வித்தார்கள். பலசாலி ஆம்ப் தேவைப்பட்ட இடம் அந்த வெட்டும் கூடம்.

இவ்வளவும் ரகசியமில்லை. ஆனாலும் ஆம்ப் விமர்சனங்களைப் படித்தால் வேறொரு உலகம். 'பின்னணி கறுப்பாக இருக்கிறது', 'மேடை விரிகிறது', 'பாஸில் அதிகாரம் இருக்கிறது'. உருவகம் தப்பில்லை, இலக்கிய வாசகன் நான் அதைக் குறை சொல்லக் கூடாது. எது எதற்கு உருவகம் என்று சொல்லாமல் விடுவதுதான் பிரச்சினை. தட்டின் சொந்த இரைச்சலே இசையின் உச்சத்துக்கு அறுபது எழுபது டெசிபல் கீழேதான் இருக்கிறது. அதன்மேல் ஆம்ப் எங்கிருந்து இன்னும் கறுப்பைக் கொண்டுவரும்?

1985ல் பாப் கார்வர் என்ற வடிவமைப்பாளர் 'ஸ்டீரியோஃபைல்' இதழின் ஆசிரியர்களிடம் ஒரு சவால் விட்டார். அவர்கள் மெச்சும் விலையுயர்ந்த ஓர் ஆம்பைக் கொடுத்தால், தன் மலிவான டிரான்சிஸ்டர் ஆம்பை அதேபோல ஒலிக்க வைப்பேன் என்று. ஒரு பெரிய வால்வு ஆம்பைக் கொடுத்தார்கள். இரண்டுக்கும் ஒரே சிக்னலைக் கொடுத்து, வெளியே வருவதை ஒன்றிலிருந்து ஒன்று கழித்து, மிச்சம் கிட்டத்தட்டப் பூஜ்யமாகும்வரை மாற்றிக்கொண்டே போனார். நாங்கள் கோடில் 'டிஃப்' எடுப்பது மாதிரி. கடைசியில் ஆசிரியர்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை; அதை இதழிலேயே எழுதவும் செய்தார்கள். பிற்பாடு விற்பனைக்கு வந்த மாடல் அதே தரமா என்று சண்டை நடந்தது தனிக்கதை. ஆம்ப்கள் எல்லாம் ஒன்று என்று இதற்குப் பொருள் இல்லை. வால்வு ஆம்புக்கு ஒரு குணம் இருந்தது. அதைப் பிரதியெடுக்க ஒருவர் மெனக்கெட வேண்டியிருந்தது. ஆனால் அந்தக் குணம் வாட்ஸிலோ விலையிலோ ஒளிந்திருக்கவில்லை.

2022ல் நடந்தது இன்னும் சங்கடமானது. மொபைல் ஃபிடெலிட்டி என்ற அமெரிக்க நிறுவனத்தின் தட்டுகளை, ஒரிஜினல் டேப்பிலிருந்து முழுக்க அனலாக் வழியில் வந்தவை என்று நம்பி ரசிகர்கள் கொண்டாடினார்கள். பல வருடங்களாக நடுவில் ஒரு டிஜிட்டல் படி இருந்தது அந்த வருடம் வெளியே வந்தது. கேஸ் வரை போனது. நிறுவனம் மறைத்தது தப்பு, சந்தேகமில்லை. அதே தட்டுகளைப் பல லட்சம் பெறும் ஆம்ப்களில் போட்டு, டிஜிட்டலின் சுவடே இல்லை என்று எழுதித் தள்ளியவர்களும் யோசித்திருக்க வேண்டும். அதிகம் பேர் யோசித்ததாகத் தெரியவில்லை.

இந்தப் பவர் பித்து தமிழ்த் தட்டு கேட்பவர்களுக்கு இன்னும் அநியாயம் செய்கிறது. நமக்குக் கிடைப்பதில் பெரும்பகுதி பழையது. 'ப்ரியா' ஸ்டீரியோவில் பதிவாகி வந்ததும் அதே 1978தான். அந்தக் காலத்துத் தட்டுகள் ஐந்து கிராமுக்கு மேல் அழுத்தும் செராமிக் கார்ட்ரிட்ஜ்களின் கீழே வருடக்கணக்காக உழப்பட்டவை. இன்றைய ஊசிகளின் அழுத்தம் இரண்டு கிராம் சுற்றளவில்தான். பள்ளத்தின் ஒரு பகுதி தேய்ந்துபோன தட்டுக்குக் கூம்பு முனை ஊசியைவிட, பள்ளத்தின் வேறு உயரத்தைத் தொடும் நீள்வட்ட ஊசியோ, அதைவிடக் கூர்மையான கோட்டு முனை ஊசியோ போட்டால் சில சமயம் தேயாத சுவரைப் படிக்கும். எல்லாத் தட்டுக்கும் இது பலிக்காது, பலித்தால் ஒரு புது வயலின் வரிசையே எழுந்து வரும். அடுத்தது கீறல். ஒவ்வொரு 'டிக்'கும் மிகக் கூர்மையான ஒரு துள்ளல். ஃபோனோ ஸ்டேஜில் அதைத் தாங்கும் இடைவெளி இருந்தால் டிக் டிக்காகவே கடந்துபோகும். இல்லையென்றால் அது திணறி, டிக்கை நீட்டி முழக்கும். இந்த இடைவெளியை ஸ்பெக் ஷீட்டில் 'ஓவர்லோட்' என்று ஒரு மூலையில் போட்டிருப்பார்கள். மில்லிவோல்ட்டில் இருக்கும். நான் முதலில் படிப்பது அந்த வரியைத்தான்.

எனவே ஒரு லட்ச ரூபாய் வைத்துக்கொண்டு என்னிடம் வரும் நண்பருக்கு நான் சொல்வது கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருக்கும். ஸ்பீக்கரை முதலில் முடிவு செய்யுங்கள். ஒரு வாட்டுக்கு 88, 90 டெசிபல் கொடுப்பதைத் தேடினால் அங்கேயே ஆம்ப் செலவு பாதியாகிவிடும். ஹால் சின்னதென்றால் நேர்மையாக அளந்த 30லிருந்து 60 வாட்ஸ் தாராளம், நான்கு ஓமில் திணறாததாக இருக்கட்டும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் சாமான் வாங்கி அசெம்பிள் செய்தது என்றாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை, டிரான்ஸ்ஃபார்மரில் கஞ்சத்தனம் காட்டாத வரைக்கும். மிச்சப் பணம் ஊசிக்கு, ஃபோனோ ஸ்டேஜுக்கு, சப்சானிக் ஃபில்டருக்கு, சுவர் ஷெல்ஃபுக்கு. அப்புறமும் மிஞ்சினால் தட்டு கழுவும் இயந்திரம். பெரிய ஆம்ப்தான் வேண்டும் என்று மனசு அடம்பிடித்தால் வாங்கிக்கொள்ளுங்கள், அழகான பொருள் அது, எஸ்எக்ஸ்-1980 முள்மானிகளின் வெளிச்சத்தை நானும் ஆசையோடுதான் பார்ப்பேன். ஃபில்டர் பட்டன் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள்.

கடைக்குப் போகும்போது அவர்கள் வைத்திருக்கும் பளபளப்பான 180 கிராம் ஜாஸ் தட்டைப் போட்டுக் காட்டுவார்கள். அதில் எல்லா ஆம்பும் நன்றாகத்தான் இருக்கும். உங்கள் வீட்டிலிருப்பதிலேயே அதிகமாகக் கோணிய, கீறல் விழுந்த தட்டை எடுத்துப்போங்கள். அதைப் போடச் சொல்லி, ஸ்பீக்கரின் துணியைக் கழற்றச் சொல்லி, பாட்டு ஆரம்பிப்பதற்கு முன்னால் ஊசி வெறும் பள்ளத்தில் ஓடும் அந்த நாலைந்து நொடி வூஃபரைப் பாருங்கள். கடைக்காரர் உங்களை ஒரு மாதிரியாகப் பார்ப்பார். பரவாயில்லை.